சிறுபோகத்தில் விதைப்பு நாளும் பயிர்ப் பாதுகாப்பும்

பெரும்போக நெல் வீடு சேர்ந்தபின் மாசி, பங்குனி வெயிலிற் காய்ந்து கிடக்கும் வயல்கள், பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் பிற்பகல் வேளைகளில் இடியுடன் பெய்யும் மழையால் மீண்டும் நனைகின்றன. இம்மழை கண்டதும் கமக்காரர் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, எந்த நாளில் விதைப்பது என்பதாகும். சிலர் உடனே உழவைத் தொடங்குவர். சிலர் புத்தாண்டு கழியட்டும் என்றிருப்பர். வேறு சிலர் அயலவர் விதைத்து முடித்த பின்னரே உழவு இயந்திரத்தைத் தேடுவர். இவ்வாறு ஒரே வாய்க்காலின் கீழ் உள்ள வயல்கள் மூன்று நான்கு வார வேறுபாட்டுடன் விதைக்கப்படுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

சிறுபோகத்தில் நேரும் நட்டங்களுட் பெரும்பாலானவை ஆனி, ஆடி மாதங்களிலேயே கண்ணுக்குப் புலப்படுகின்றன. ஆயினும் அவற்றுட் பலவற்றுக்குக் காரணம் சித்திரையிலேயே தோன்றிவிடுகின்றது. நீர் போதாமை, பூப் பதராதல், தத்தியின் பெருக்கம், மூட்டுப்பூச்சியின் தாக்கம் ஆகிய யாவும் விதைப்பு நாளுடன் நெருங்கிய தொடர்புடையன. உரிய நாளில், ஒரு வெளியில் உள்ளோர் யாவரும் ஒன்றாக விதைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பின்னர் வாங்கும் எந்த மருந்தும் அது தரும் பாதுகாப்புக்கு ஈடாகாது. இதன் காரணங்களையும், விதைப்பு முதல் அறுவடை வரை கைக்கொள்ள வேண்டிய முறைகளையும் இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

1. பருவத்தின் இயல்பு

இலங்கையின் மழைக்காலம் நான்கு பிரிவுகளை உடையது. மார்ச், ஏப்ரில் மாதங்கள் முதலாம் இடைப்பருவமாகும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாம் இடைப்பருவம். டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். பெரும்போகம் பின்னைய இரு பிரிவுகளின் மழையையும் பெறுகின்றது. உலர் வலயத்தில் செய்யப்படும் சிறுபோகமோ முதலாம் இடைப்பருவத்தின் சிறு மழையை மட்டுமே நம்பலாம்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை நாட்டின் தென்மேற்குப் பகுதியிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் பொழிந்துவிடுகின்றது. மலைகளைக் கடந்து வடக்கையும் கிழக்கையும் அடையும்போது அது ஈரமற்ற வெங்காற்றாகின்றது. யாழ்ப்பாணத்தார் சோழகம் என்றும், மட்டக்களப்பார் கச்சான் என்றும் வழங்குவது இக்காற்றையே. வைகாசி நடுப்பகுதிக்குப் பின்னர் வயலிலிருந்து ஆவியாகும் நீரின் அளவு மிகுகின்றது. மண் விரைவில் வெடிக்கின்றது. பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேற்படுமாயின் மகரந்தம் பழுதுற்று மணிகள் பதராகின்றன.

இப்பருவத்துக்கு ஒரு பெரும் நன்மையும் உண்டு. வானம் தெளிவாக இருப்பதால் பயிருக்குப் போதிய சூரிய ஒளி கிடைக்கின்றது. நீர் தவறாது கிடைக்குமாயின் சிறுபோகப் பயிர் சிறந்த விளைவைத் தரவல்லது. ஆகவே, சித்திரை மழையை முழுமையாகப் பயன்படுத்தி, கடும் வறட்சி வருமுன் பயிரைப் பூக்கச் செய்தலே நமது நோக்கமாதல் வேண்டும்.

2. குளத்து நீரும் கூட்டத் தீர்மானமும்

குளத்தின் கீழ்ச் செய்யப்படும் வேளாண்மைக்கு நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள், நீர் நிறுத்தும் நாள் ஆகியன போகத் தொடக்கத்திற் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. இக்கூட்டத்துக்குச் செல்லாத கமக்காரர் தமது போகத்தின் நாட்காட்டியைப் பிறர் கையில் ஒப்படைத்தவராவர். குளத்தில் உள்ள நீர் எத்தனை ஏக்கருக்குப் போதுமெனப் பொறியியலாளர் கூறும் கணக்கை ஆங்கு கேட்டறிதல் வேண்டும். நீர் குறைவாயின், வெளியின் ஒரு பகுதியை மட்டும் தெரிந்து, அதனை யாவரும் பங்கிட்டுச் செய்யும் பெத்ம முறை பன்னெடுங் காலமாக இந்நாட்டில் நிலவி வருகின்றது. முழு வெளியையும் விதைத்து முழுவதையும் இழப்பதிலும், பாதியை விதைத்துப் பாதியை முழுமையாக அறுப்பது மேலானது.

நீரின் பெரும் பங்கு நிலம் பண்படுத்தலிலேயே செலவாகின்றது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. வாய்க்காலில் நீர் வந்தபின் உழவு இயந்திரத்துக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பூக்கும் பருவத்துக்கு வேண்டிய நீர் வீணே கழிகின்றது. சித்திரை மழையின் ஈரத்திலேயே முதல் உழவை முடித்து, வரம்புகளைக் கட்டி, நண்டுப் பொந்துகளை அடைத்து வைத்தால், குளத்து நீர் வந்ததும் இரண்டாம் உழவும் பலகையடித்தலும் விரைவில் நிறைவேறும்.

3. வயதுக்கேற்ற இனம்

பத்தலகொடையில் உருவாக்கப்பட்டு 1958 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட எச். 4 என்னும் புகழ்பெற்ற இனம் நான்கு மாதத்துக்கும் மேற்பட்ட வயதுடையது. இன்று கமக்காரர் கையில் உள்ள இனங்களுட் பல அதனினும் குறுகிய வயதின. இனத்தின் பெயரில் உள்ள எண்ணே அதன் வயதை உணர்த்தும். பீ.ஜீ. 250 இரண்டரை மாதமும், பீ.ஜீ. 300 மூன்று மாதமும், பீ.ஜீ. 352, ஏ.ரி. 362 என்பன மூன்றரை மாதமும் வயதுடையன. பீ.ஜீ. என்பது பத்தலகொடையையும், ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டையையும் குறிக்கும்.

எந்த இனமாயினும், கதிர் உருவாகத் தொடங்கிய நாளிலிருந்து பூக்கும்வரை ஏறக்குறைய 35 நாட்களும், பூத்ததிலிருந்து முற்றும்வரை ஏறக்குறைய 30 நாட்களும் செல்லும். இனங்களுக்கிடையே உள்ள வயது வேறுபாடு முதற் பருவத்திலேயே அமைந்துள்ளது. இதனை அறிந்தவர் நீர் நிறுத்தும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தமக்குரிய விதைப்பு நாளைக் கண்டுகொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு குளத்தில் நீர் நிறுத்தும் நாள் ஜூலை 31 எனத் தீர்மானிக்கப்பட்டதாகக் கொள்வோம். அறுவடைக்குப் பத்து நாட்களுக்கு முன்னர் வயலிலிருந்து நீரை வடித்தல் வழக்கம். அவ்வாறாயின் 105 நாள் இனம் ஏப்ரில் 27 ஆம் தேதிக்கு முன்னரும், 90 நாள் இனம் மே 12 ஆம் தேதிக்கு முன்னரும் விதைக்கப்படல் வேண்டும். ஒருவர் 105 நாள் இனத்தை மூன்று வாரம் பிந்தி மே 18 ஆம் தேதி விதைப்பாராயின், அவரது பயிர் ஓகத்து முதலாந் தேதியளவிற் பூக்கும். அதாவது, நீர் நின்ற மறுநாள் அவரது வயல் பூக்கத் தொடங்கும். பசளைக்கும் களைநாசினிக்கும் அவர் இட்ட முதல் யாவும் வெங்காற்றிற் பதராகிப் போகும். தவிர்க்க முடியாத காரணத்தால் விதைப்புப் பிந்துமாயின், இனத்தை மாற்றி வயது குறைந்ததைத் தெரிதல் வேண்டும். நெல்லுக்கே காலம் போதாதெனின், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் விளைந்து, நெல்லினும் மிகக் குறைந்த நீரை வேண்டும் பயறு போன்றவற்றை விதைத்தலே அறிவுடைமை.

4. விதையும் விதைப்பும்

விதை நெல்லை விதைப்புக்கு ஒரு வாரத்துக்கு முன்னரே சோதித்தல் நன்று. நூறு மணிகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணுக. 85 க்குக் குறையுமாயின் அவ்விதை ஏற்றதன்று. நல்ல விதையை நீரிலிட்டு, மிதக்கும் பதரையும் களை விதைகளையும் அகற்றி, 24 மணித்தியாலம் ஊறவைத்துப் பின் 48 மணித்தியாலம் முளைகட்டி விதைத்தல் வேண்டும். ஏக்கருக்கு இரண்டு புசல் போதுமானது. முளைப்பில் நம்பிக்கையின்றி மூன்று நான்கு புசல் விதைப்போர், செறிந்த பயிரின் அடியில் இருளையும் ஈரத்தையும் உண்டாக்கித் தத்திக்கும் மடல் வெளிறல் நோய்க்கும் தாமே இடமளிக்கின்றனர்.

நிலம் மட்டமாக இருத்தல் மிக முக்கியம். பள்ளத்தில் நீர் தேங்கி விதை அழுகும். மேட்டில் ஈரம் குன்றிக் களை முளைக்கும். விதைத்தபின் சேறு ஈரமாக இருக்கும் அளவுக்கு மட்டும் நீரைக் காத்து, ஏழாம் நாளளவிற் சிறிது சிறிதாக நீரை உயர்த்துக. பயிரின் முதல் நான்கு வாரங்களே களை மிகத் தீங்கிழைக்கும் காலம். இக்காலத்தில் நிலைநிற்கும் இரண்டு அங்குல நீர் பல களைகளை முளைக்கவிடாது தடுக்கும்.

5. முதல் மாதத்துப் பூச்சிகள்

விதைத்து இரண்டு வாரமளவில் மழையின்றி வெயில் நீடிக்குமாயின் பனிப்பூச்சி தோன்றும். இளம் இலைகள் நுனியிலிருந்து ஊசி போலச் சுருண்டு மஞ்சளாகும். பூச்சி மிகச் சிறியதாதலின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. உள்ளங்கையை நீரில் நனைத்து இலைகளின் மேல் மெதுவாகத் தடவிப் பார்த்தால், கரிய நுண்துகள்கள் போலக் கையில் ஒட்டியிருக்கக் காணலாம். இதற்கு முதற் பரிகாரம் நீரே. நாற்று முழுவதும் மூழ்குமாறு ஓரிரு நாட்கள் நீர் கட்டிப் பின் வடித்தல் வேண்டும். உரிய காலத்தில் விதைத்த வயலுக்குச் சித்திரை மழையே இப்பணியைச் செய்துவிடும். பிந்தி விதைத்தவரின் இளம் பயிரோ வைகாசி வெயிலில் அகப்பட்டுக்கொள்ளும்.

இலைமடிச்சுக்கட்டிப் புழு இலையை நீளவாக்கில் மடித்து உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும். இலைகள் வெண்கோடுகளுடன் காணப்படுவது கண்டு கமக்காரர் அஞ்சுவது இயல்பே. ஆயினும், மட்டம் பெயரும் பருவத்தில் இழந்த இலைகளைப் பயிர் புதிய இலைகளால் ஈடு செய்யும் வலிமையுடையது. இப்பருவத்தில் அவசரப்பட்டு மருந்து தெளித்தல் பெருந்தவறு. அதன் காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

6. கபிலநிறத் தத்தி

அறக்கொட்டியான் எனக் கமக்காரர் வழங்கும் கபிலநிறத் தத்தி, சிறுபோகத்தில் ஒரு வெளியையே அழிக்கவல்ல பகையாகும். இது பயிரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். வரம்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பயிர் பசுமையாகவே தோன்றும். சில நாட்களில் வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் எரிந்தது போலக் காய்ந்து சாயும். அந்நிலையில் அவ்விடத்துப் பயிரை மீட்க வழியில்லை.

பெட்டைத் தத்தி நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இலைமடலினுள் இடும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஒரு தலைமுறை நிறைவுறும். பயிர் முற்றி உணவு குறையும்போது நீண்ட சிறகுடைய தத்திகள் தோன்றி வேறு வயல்களைத் தேடிப் பறக்கும். இவ்வியல்பே ஒன்றாக விதைத்தலின் தேவையை நன்கு உணர்த்துகின்றது. வெளி முழுவதும் ஒரே காலத்தில் விதைக்கப்பட்டு ஒரே காலத்தில் அறுவடையாகுமாயின், மூன்றாம் தலைமுறை பெருகும் வேளையில் பயிர் முற்றிவிடும். பறந்து செல்லும் தத்திக்கு அயலில் உணவில்லை. முதல் வயல் முற்றும்போது இரண்டாம் வயல் குடலையிலும், மூன்றாம் வயல் மட்டம் பெயரும் பருவத்திலும் இருக்குமாயின், அத்தத்திக்கு நாமே விருந்து வரிசை அமைத்தவராகின்றோம். கடைசியாக விதைத்தவர் முன்னைய வயல்களிற் பெருகிய தத்திகள் யாவற்றையும் ஏற்க நேரிடும்.

தத்திக்கு இயற்கைப் பகைகள் பல உண்டு. சிலந்திகள் அதனைப் பிடித்துண்ணும். ஒருவகை பச்சை நாவாய்ப்பூச்சி அதன் முட்டைகளை உறிஞ்சி அழிக்கும். முதல் மாதத்தில் இலைமடிச்சுக்கட்டிக்கென அடிக்கும் மருந்து இவற்றைக் கொன்றுவிடுகின்றது. முட்டைகள் இலைமடலினுள் பத்திரமாக இருத்தலால், காவலற்ற வயலில் தத்தி முன்னிலும் பன்மடங்கு பெருகுகின்றது. அதிக மருந்து அடித்த வயலே முதலில் எரிவதன் மருமம் இதுவாகும்.

தற்காப்பு முறைகள்: வாரம் ஒருமுறையேனும் வயலுள் இறங்கிப் பயிரை விலக்கி அடித்தண்டைப் பார்த்தல் வேண்டும். யூரியாவை ஒரே முறையில் அள்ளி வீசாது, விவசாயப் போதனாசிரியர் கூறும் அளவிற் பல முறையாகப் பிரித்து இடுக. தத்தி காணப்பட்டால் யூரியா இடுதலை நிறுத்துக. நீரை வடித்து மூன்று நான்கு நாட்கள் அடியைக் காயவிடுக. பயிரை இடையிடையே இரு புறமும் ஒதுக்கி ஒளியும் காற்றும் அடியிற் படச் செய்க. இவற்றுக்கும் அடங்காதாயின் மட்டுமே, சிபாரிசு செய்யப்பட்ட மருந்தைத் தத்தி உள்ள இடங்களில் அடித்தண்டிற் படுமாறு தெளித்தல் வேண்டும். இலை நுனியில் தெளித்த மருந்து அடியில் இருக்கும் தத்தியைச் சேராது.

7. தண்டு துளைப்பானும் மூட்டுப்பூச்சியும்

தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சி இலை நுனியில் கபில நிற மயிரால் மூடப்பட்ட முட்டைக் கூட்டங்களை இடும். புழு தண்டினுட் சென்று தின்னுதலால், இளம் பயிரில் நடுக்குருத்துக் காய்ந்து, இழுத்தவுடன் கழன்று வரும். பூக்கும் பருவத்திலோ கதிர் முழுவதும் வெண்மையாகிப் பதராய் நிமிர்ந்து நிற்கும். வெண்கதிர் கண்டபின் மருந்து தெளித்தல் பயனற்றது. முட்டைக் கூட்டங்களைக் கிள்ளி அழித்தலும், அறுவடைத் தாள்களை உழுது புதைத்தலுமே தக்க வழிகள்.

நெல் மூட்டுப்பூச்சி மணி பால் பிடிக்கும் வேளையில் அதனை உறிஞ்சிப் பதராக்கும். அதன் துர்நாற்றத்தால் வரம்பில் நின்றே அதனை அறியலாம். நெல் பூக்குமுன் இப்பூச்சி வரம்பிலும் வாய்க்காலோரத்திலும் உள்ள புல்லினங்களின் பூக்களில் வாழும். ஆகவே, பயிர் கதிர் வருமுன்னரே அப்புற்களை வெட்டி அகற்றுக. வெளி முழுவதும் ஒன்றாகப் பூக்குமாயின் பூச்சி எங்கும் பரந்து, எந்த ஒரு வயலுக்கும் பெருந் தீங்கு நேராது. தனித்து முந்திப் பூக்கும் வயலும் தனித்துப் பிந்திப் பூக்கும் வயலுமே பெரிதும் இழக்கும். சுளகிற் பலாப்பால் பூசி, காலையிலும் மாலையிலும் கதிர்களின் மேலாக இழுத்துச் சென்று பூச்சிகளை ஒட்டச் செய்யும் பழைய முறை சிறு வயல்களுக்கு இன்றும் பயன்படும். மருந்து தெளிக்க நேர்ந்தால், முற்பகலில் நெற்பூ விரிந்திருக்குமாதலால், பிற்பகலிலேயே தெளித்தல் வேண்டும்.

8. நோய்கள்

எரிபந்த நோய் ஒரு பங்கசினால் உண்டாவது. இலையில் இரு முனையும் கூரிய, நடுவிற் சாம்பல் நிறமும் ஓரத்திற் கபில நிறமும் கொண்ட புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தைத் தாக்கினால் கதிர் ஒடிந்து தொங்கும். இரவிற் குளிரும் பனியும், பகலில் முகிலும் நிலவும் நாட்களில் இது விரைந்து பரவும். மர நிழல் படியும் வயல்களிற் பனி காலையில் நெடுநேரம் உலராதாகையால், ஆங்கு நோயை முதலில் தேடுக. மிகுந்த நைதரசன் பசளை இந்நோய்க்குப் பேருதவியாகும். எதிர்ப்புச் சக்தியுள்ள இனத்தைத் தெரிதலும், நோயுற்ற வயலின் நெல்லை விதைக்கு எடாமையும் முதற்கண் செய்ய வேண்டியவை.

பற்றீரியா இலை வெளிறல் நோயில் இலையின் ஓரங்கள் நுனியிலிருந்து அலை போல வெளிறிக் காயும். காற்றுடன் கூடிய மழையாலும், ஒரு வயலின் நீர் மறு வயலுக்குப் பாய்வதாலும் இது பரவும். இதற்குப் பங்கசுநாசினி பயன் தராது. நீரை வடித்து, யூரியாவை நிறுத்தி, பயிர் ஈரமாக உள்ளபோது வயலில் நடமாடாதிருத்தலே செய்யக்கூடியது. வைக்கோலை எரிக்காது மீண்டும் வயலுக்கே இடுவோரின் மண்ணிற் பொட்டாசியம் குறையாது. பயிரும் நோயைத் தாங்கும் வலிமை பெறும்.

9. மேட்டு நிலத் தோட்டங்கள்

மிளகாய், வெங்காயம், கத்தரி, தக்காளி, வெண்டி முதலியன செய்வோருக்கும் இவ்விதிகள் பெரும்பாலும் பொருந்தும். சித்திரையில் இடிமழை பெய்யும்போது நாற்றுமேடையில் நாற்றழுகல் நோய் பரவும். மேடையை ஆறு அங்குலம் உயர்த்தி, விதை இடுமுன் வைக்கோலையும் உமியையும் மாறி மாறி அடுக்கி எரித்து மண்ணைத் தூய்மையாக்குக. மாலையில் நீர் ஊற்றாது காலையில் ஊற்றுக.

மிளகாய் இலை சுருளுமாயின் மருந்துக் கடைக்குச் செல்லுமுன் இலையைக் கூர்ந்து பார்த்தல் வேண்டும். இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியும் காரணமாகலாம். செடி குன்றி, இலைகள் சிறுத்து நரம்பு வெளிறினால் வெண் ஈ காவிய வைரசு என ஐயுறுதல் தகும். பூச்சி மருந்து சிற்றுண்ணியைக் கொல்லாது. வைரசுக்கு மருந்தே இல்லை. அத்தகைய செடியை வேருடன் பிடுங்கிப் புதைத்தலே முறை. நாற்றுமேடையை நுண்வலையால் மூடுதலும், தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளம் முன்கூட்டியே விதைத்தலும் வெண் ஈயின் வரவைக் குறைக்கும். வெண்டியில் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்புவதும் இவ்வீயே.

கத்தரி, தக்காளி பசுமையாக இருக்கும்போதே திடீரென வாடினால், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்துக. வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூல் இறங்குமாயின் அது பற்றீரியா வாடல் நோய். அந்நிலத்தில் அடுத்த போகங்களில் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை விலக்கி நெல்லையோ சோளத்தையோ செய்தல் வேண்டும். பாகல், புடோல் ஆகியவற்றிற் பழ ஈ தாக்கி விழுந்த காய்களைப் பாத்தியில் விட்டுவைத்தால் அடுத்த காய்களும் கெடும். அவற்றைப் பொறுக்கி ஆழப் புதைத்து, இளங் காய்களைக் கடதாசிப் பையால் மூடுக.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நன்னீர், சுண்ணக்கல்லினுள் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. மிகையாக இறைப்பின் கீழுள்ள உவர்நீர் மேலேறும். ஆகையால் ஆடி வெயிலிற் கிணறு தாங்கும் அளவைக் கணித்தே சித்திரையில் எத்தனை பரப்பு நடுவதெனத் தீர்மானித்தல் வேண்டும்.

10. மருந்து தெளிப்போர் கவனத்துக்கு

பீடைகொல்லிகள் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டே விற்கப்படல் வேண்டும். மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பன 1995 ஆம் ஆண்டிலும், எண்டோசல்பன் 1998 ஆம் ஆண்டிலும் தடை செய்யப்பட்டன. இவை பல உயிர்களைக் கொள்ளைகொண்ட நஞ்சுகள். சுட்டுத்துண்டு இல்லாத போத்தலையோ, நிறுத்து விற்கும் தூளையோ வாங்கற்க. இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிக்கற்க. காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று தெளிக்கற்க. கையுறையும் நீண்ட உடையும் முகக்கவசமும் அணிக. தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் சுட்டுத்துண்டில் உள்ளன. தெளித்த மறுநாள் காயைப் பறித்துச் சந்தைக்கு அனுப்புவோர் அயலவர் பிள்ளைக்கு நஞ்சூட்டுகின்றனர். வெற்றுப் போத்தல்களைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் எறியாதீர்கள். மருந்தைப் பூட்டி வைத்துத் திறப்பைப் பெரியவர் ஒருவரே வைத்திருத்தல் வேண்டும்.

11. அறுவடையின் பின்

சிறுபோக அறுவடை முடிந்ததும் தாளை உழுது மண்ணுட் புதைத்து, பெரும்போக விதைப்பு வரை வெளியில் நெற்பயிர் எதுவும் இல்லாதவாறு பார்த்துக்கொள்க. தாளிலிருந்து துளிர்க்கும் தளிர்கள் சிலவாயினும், தத்தியும் துளைப்பானும் அவற்றில் உயிர் பிழைத்து அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும்.

கமக்காரர் கருத்திற் கொள்ள வேண்டியவை:

அ. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தவறாது சென்று, நீர் நிறுத்தும் நாளைக் குறித்துக்கொள்க.
ஆ. அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி இனத்தையும் விதைப்பு நாளையும் தெரிக.
இ. ஒரு வாய்க்காலின் கீழுள்ளோர் யாவரும் ஒரு வாரத்துள் விதைத்து முடிக்க முயல்க.
ஈ. ஏக்கருக்கு இரண்டு புசலுக்கு மேல் விதைக்கற்க. யூரியாவைப் பிரித்து இடுக.
உ. வாரம் ஒருமுறை வயலுள் இறங்கி அடித்தண்டைப் பார்க்க.
ஊ. பீடை இன்னதென அறியாமல் மருந்து தெளிக்கற்க.

உழவு இயந்திரமோ விதை நெல்லோ உரிய நாளிற் கிட்டாது பிந்தும் கமக்காரர் ஒவ்வொரு வெளியிலும் ஒருவர் இருவர் இருப்பர். பெரும்பாலும் அவர் வசதி குறைந்தவராகவோ, வீட்டிற் கைத்துணை இல்லாதவராகவோ இருப்பார். அவரது வயலை முதலில் உழுது கொடுத்தல் அவருக்குச் செய்யும் உதவி மட்டுமாகாது. அவரது பயிரிற் பெருகும் தத்திக்கு வரம்பு ஒரு தடையன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கமக்காரர் அமைப்புகள் போகத் தொடக்கத்திலேயே இத்தகையோரைக் கண்டறிந்து, உழவையும் விதையையும் ஒழுங்கு செய்தல் வெளி முழுவதையும் காப்பதாகும்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் நோயுற்ற செடியின் மாதிரியுடன் அண்மையில் உள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிக.